தனுஷிகாவுக்கு ஒரு பிரிண்டர்

தேயிலை மலையிலிருந்து வந்து முகம் கழுவியதுமே சுபாஜினி கறுப்பு மார்க்கரைத் தேடுவாள். லயத்து வரிசை வீட்டில் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, மகளின் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதுவாள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சாயம் ஏறிய விரல்கள் மார்க்கரைப் பிடித்தபடியே மரத்துப்போகும். ஒரு பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும்.

மகள் தனுஷிகாவுக்குப் பிறவியிலேயே விழித்திரையில் குறை. கண்ணாடி போட்டும் புத்தகத்து எழுத்து அவளுக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். "கண்ணாடியால இதுக்கு மேல சரிவராது. எழுத்தைப் பெரிசாக்கிக் குடுங்க, பிள்ளை நல்லா படிக்கும்" என்று பதுளை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது அந்தக் காம்பராவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அப்பா தயாபரன் அப்படிக் கட்டுப்பாடு வைத்திருந்தான். யாராவது கேட்டால், "தலையிடி, அதான் கண்ணாடி போட்டிருக்கு" என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொல்ல வேண்டிய பதில்.

"பொம்பளப் புள்ள. கண்ணு தெரியாதவன்னு ஒரு பேரு விழுந்திருச்சுன்னா நாளைக்கு அவள யாரு கேப்பா?" என்பான்.

அவன் தங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கும் பதுளை டவுனுக்கும் இடையில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஊர்ப் பேச்சு எல்லாம் அவனுடைய பின் சீட்டில்தான் ஏறி இறங்கும். ஒருவரைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அவனுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தெரிந்திருந்தது.

ஏழாம் ஆண்டில் முதல் தவணைச் சோதனை முடிந்த அன்று தனுஷிகா அழுதுகொண்டே வந்தாள். விஞ்ஞானத்தில் 'ஒளித்தொகுப்பு' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'ஒலித்தொகுப்பு' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதை வகுப்பில் வாசித்தபோது, "செடி பாட்டுப் பாடித்தான் சோறாக்குதா?" என்று ஒரு பையன் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

சுபாஜினி தான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தாள். பிழை மகளுடையதல்ல, தன்னுடையது. பெரிய எழுத்தில், பளிச்சென்று, பக்கம் முழுவதும் இருந்தது.

அன்று சாயங்காலம் தயாபரன் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் அவள் நேராகவே சொன்னாள்.

"இங்க பாருங்க, நான் எட்டு வரைக்கும்தான் படிச்சவ. என் எழுத்த நம்பிப் புள்ள சோதனை எழுதக் கூடாது. ஒரு பிரிண்டர் வாங்குவோம். பாடப்புத்தகமெல்லாம் போன்லயே கெடைக்குது. பெருசாக்கி அடிச்சுக் குடுத்தா அவளே வாசிச்சுக்குவா."

"டவுன்ல போய் அடிச்சுக்கிட்டு வரலாமே."

"நீங்கதான் அங்க குடுக்க மாட்டேங்குறீங்க. எதுக்கு இம்புட்டுப் பெருசான்னு கேக்குறாங்கன்னு திரும்பி வந்தீங்கள்ல?"

சுபாஜினிக்கு அந்த மாதம் சீட்டு விழுந்திருந்தது. அந்தக் காசை அப்படியே அவன் கையில் கொடுத்தாள். வீட்டில் கணினி கிடையாது, ஒரு போன்தான். அதனால் வயர் இல்லாமல் போனிலிருந்தே அடிக்கிற பிரிண்டராகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமையும் அவளுக்கு வேலை இருந்தது. அதனால் அப்பாவும் மகளும் மட்டும் புறப்பட்டார்கள். எழுத்து எவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று கடையில் காட்டுவதற்காகத் தனுஷிகா விஞ்ஞானப் புத்தகத்தையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் தோட்டத்துப் பழைய மேற்பார்வையாளரான மாடசாமிக் கங்காணி கை காட்டி ஏறினார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் காதில் விழுந்த செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும்.

"எங்கப்பா போறீங்க ரெண்டு பேரும்?"

"பிரிண்டர் ஒண்ணு பாக்கத்தான் மாமா."

"பிரிண்டரா! அது எப்பிடி இருக்கும்னு நானும் பாத்ததில்ல. வா, நானும் வாரேன்."

பதுளையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த ஜெஸீம் முதலாளியின் கம்ப்யூட்டர் கடைக்கு மூவரும் போனார்கள். முதலாளியின் மகள் அஸ்னா கவுண்டரில் நின்றாள்.

"வாங்க அண்ணே. என்ன தேவ?"

"வயரு இல்லாம போன்லேர்ந்து அடிக்கிற பிரிண்டர் ஒண்ணு வேணும் தங்கச்சி. வீட்டுக்குத்தான். வெல கொறைவாப் பாருங்க."

"நெறைய ஈக்குது. என்னத்துக்கு எடுக்கிறீங்கண்டு சொன்னாத்தான் சரியானதக் காட்ட ஏலும். கூடுதலா அடிக்கிறது எழுத்தா, போட்டோவா?"

தனுஷிகா பையிலிருந்து புத்தகத்தைப் பாதி வெளியே எடுத்துவிட்டாள். மாடசாமி கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பதிலுக்காகத் தயாபரனின் முகத்தைப் பார்த்தார். தயாபரன் மகளின் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் தள்ளினான்.

"போட்டோ அடிக்கத்தான். கோயில் திருவிழா, கல்யாணம் காட்சின்னு எடுக்கிறோமில்ல."

"படிப்பு வேலைக்கும் எடுப்பீங்களா?"

"அதெல்லாம் இல்ல."

அஸ்னா ஒரு கலர் பிரிண்டரைக் காட்டினாள். "போட்டோவுக்குண்டா இந்த விலைக்கு இதுதான் நல்லம். ஒண்டு சொல்லணும், இதுல மை சின்னக் கார்ட்ரிஜ்லதான் வரும். எப்பவாவது அடிக்கிறவங்களுக்குச் சரி. நெறைய எழுத்து அடிச்சா மை தாங்காது. அதுக்கு வேற மாதிரி எடுக்கணும்."

தயாபரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஆனாலும் காசை எண்ணிக் கொடுத்தான். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். வழியெல்லாம் தனுஷிகா புத்தகப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். மாடசாமி திருவிழாவில் தன்னை ஒரு போட்டோ எடுத்துத் தரும்படி பேசிக்கொண்டே வந்தார்.

முதல் சில நாட்கள் வீட்டில் கொண்டாட்டமாக இருந்தது. சுபாஜினி போனைத் தட்டியதும் பெட்டி கர்ரென்று இழுத்துத் தாளை வெளியே தள்ளும். பெரிய எழுத்துத் தாளைக் கையில் பிடித்துத் தனுஷிகா தானாகவே வாசித்தாள். ஆனால் பெரிய எழுத்து மையை நிறையக் குடித்தது. இரண்டாவது பாடம் முடிவதற்குள் கறுப்பு சாம்பலாக வெளுத்து, வரிக்கு வரி கோடு விழத் தொடங்கியது. தயாபரன் புதுக் கார்ட்ரிஜ் வாங்கி வந்தான். அதுவும் அதிக நாள் தாங்கவில்லை.

"இது என்ன, ஆட்டோவுக்கு அடிக்கிற பெற்றோலவிட இதுக்குக் கூடப் போகுதே" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டான். மகள் காதில் விழும் என்று அவன் நினைக்கவில்லை.

அடுத்த நாள் சுபாஜினி, "இன்னைக்கு எந்தப் பாடம் அடிக்கணும்?" என்று கேட்டபோது தனுஷிகா மறுப்பாகத் தலையாட்டினாள்.

"வேணாம்மா. இப்பப் புத்தகத்துலயே தெரியுது."

"நெசமாவா?"

"ஆமாம்மா. கண்ணாடி போட்டுப் பழகிருச்சு போல."

சுபாஜினி அன்று சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி நெடுநேரம் நின்றாள். பிரிண்டர் மூலையில் துணி மூடிக் கிடந்தது.

இரண்டாம் தவணை நடுவில் பாடசாலையிலிருந்து தயாபரனுக்கு அழைப்பு வந்தது. விஞ்ஞானத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திப் பேசினார். தனுஷிகா தூணோடு ஒட்டி நின்றாள்.

"உங்க மக கெட்டிக்காரிதான். ஆனா ஏன் இப்படிச் செய்றானு எனக்கு வெளங்கல. கரும்பலகையில எழுதிப் போட்டா எழுதுறதே இல்ல. நேத்து ஒரு பக்கத்த வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு, முன்னாடி வேற பிள்ள வாசிச்ச பக்கத்த அப்படியே மனப்பாடமாச் சொல்றா. வேணும்னு வெளையாடுறானு நெனச்சு வெளிய நிக்க வச்சிட்டேன். வீட்ல ஏதும் பிரச்சினையா?"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பக்கத்து வகுப்பு வாசலில் லயத்துப் பெண்கள் இருவர் தங்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார்கள். தயாபரன் அவர்களை ஒரு பார்வை பார்த்தான்.

"பிரச்சினை ஒண்ணுமில்ல டீச்சர். சோம்பல்தான். நான் பாத்துக்கிறேன்."

மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கொஞ்ச தூரம் போனதும் கோபம் வந்தது.

"டீச்சர்கிட்ட ஏன் அப்பிடிச் செஞ்ச? தெரியலைன்னா தெரியலைன்னு மெதுவாச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

முன் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லக் கூடாதுல்லப்பா?" என்றாள்.

"யாரு சொன்னா சொல்லக் கூடாதுன்னு?"

"நீங்கதான். அன்னைக்கிக் கடையில புத்தகத்த எடுத்தேன். நீங்க பைக்குள்ள தள்ளிட்டீங்க. இப்ப டீச்சர்கிட்டயும் சோம்பல்னு சொன்னீங்க. அது வெளிய தெரிஞ்சா உங்களுக்கு அசிங்கம்தானே?"

தயாபரன் ஆட்டோவை ஓரங்கட்டினான். தேயிலை லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுவது போலக் கடந்து போனது. அவன் பின்னால் திரும்பினான்.

"அப்ப வீட்ல புத்தகத்துலயே தெரியுதுன்னு அம்மாகிட்டச் சொன்னது?"

"மை சீக்கிரம் முடியுதுன்னு நீங்க ஏசினீங்க. அதான்."

ஊரார் வாய்க்குப் பயந்து மகளைக் காப்பாற்றுவதாகத்தான் இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். இந்தப் பிள்ளையோ யாரும் சிரித்துவிடக் கூடாது என்று, கண்ணுக்குத் தெரியாத பக்கங்களை மனப்பாடம் செய்து, வகுப்புக்கு வெளியே நின்று, அப்பாவுக்கு அசிங்கம் வராமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆட்டோவைத் திருப்பினான்.

பாடசாலை வாசலில் டீச்சர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பெண்களும் இன்னும் அங்கேதான் நின்றார்கள். தயாபரன் இந்த முறை அவர்களைப் பார்க்கவில்லை.

"டீச்சர், நான் முன்ன சொன்னது பொய். என் மகளுக்குச் சோம்பல் இல்ல. பொறந்ததுலேர்ந்தே அவளுக்குக் கண் பார்வ கொறைவு. கரும்பலகை தெரியாது, புத்தகத்து எழுத்தும் தெரியாது. பெருசா எழுதினா எல்லாம் வாசிப்பா. நான்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

டீச்சர் குடையை மடக்கிவிட்டுத் தனுஷிகாவின் அருகே குனிந்தார். "நான் ஒன்ன வெளிய நிக்க வச்சேனே மகள். ஒரு வார்த்த சொல்லியிருந்தா முன் வரிசை வாங்குல ஒக்கார வச்சிருப்பேனே" என்றார். மறுநாளே இடம் மாற்றித் தருவதாகவும், கரும்பலகையில் எழுதுவதை வாசித்துக்கொண்டே எழுதுவதாகவும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை சுபாஜினி வேலைக்குப் போகவில்லை. மூவரும் அந்தப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு ஜெஸீம் முதலாளியின் கடைக்குப் போனார்கள். கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அஸ்னா பெட்டியைக் கண்டதுமே, "ஏதும் பழுதா அண்ணே?" என்றாள்.

"பிரிண்டர்ல பழுதில்ல தங்கச்சி. நான் அன்னைக்கிப் பொய் சொல்லி வாங்கிட்டேன்" என்றான் தயாபரன். மகளின் தோளில் கையை வைத்து முன்னால் நிறுத்தினான். "இவளுக்குக் கண் பார்வ கொறைவு. புத்தகத்தப் பெருசா அடிச்சாத்தான் வாசிப்பா. தெனமும் அடிக்கணும். அதுக்குத்தான் வேணும்."

கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். இத்தனை காலம் பயந்தது இதற்கா என்று தயாபரனுக்கு இருந்தது.

அஸ்னா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. தனுஷிகாவிடம் கேட்டாள். "தங்கச்சிக்கு எந்த அளவு எழுத்து வாசிக்க ஏலும்?" ஒரே வரியைப் பல அளவுகளில் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தாள். தனுஷிகா தாளை மூக்கருகே கொண்டுபோகாமல், மேசையில் வைத்தபடியே வாசிக்க முடிந்த வரியில் விரலை வைத்தாள்.

"அப்ப கறுப்பு எழுத்துத்தான் முக்கியம். கலர் தேவல்ல. லேசர் எண்டா எழுத்து நல்லா அழுத்தமா விழும். ஆனா அது சூடாகிறப்ப கரண்ட கூடுதலா இழுக்கும். வீட்ல கரண்ட் எப்படி?"

"பொழுது சாஞ்சா எங்க லயத்துல பல்பே மங்கிரும்மா" என்றாள் சுபாஜினி.

"அப்ப லேசர் சரிவராக்கா. இந்தா, இதப் பாருங்க." அஸ்னா சிறிய வெள்ளைப் பிரிண்டர் ஒன்றைத் திறந்து காட்டினாள். "இதுல மையப் போத்தல்லேர்ந்து டேங்குக்குள்ள ஊத்துறது. கறுப்பு மட்டும்தான். வாங்குறப்ப அதவிட விலை கொஞ்சம் கூட. ஆனா ஒரு போத்தல் ஊத்தினா நெறைய நாளைக்குப் பாக்க வேண்டியதில்ல. வீட்ல வைஃபை இல்லாட்டியும் பரவால்ல, போன்லேர்ந்து நேரா இதுக்குப் போகும்."

பிறகு சுபாஜினியின் கையில் போனைக் கொடுத்து, புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை முழுத் தாளுக்குப் பெரிதாக்குவது எப்படி என்று செய்யச் சொன்னாள். சுபாஜினி முதலில் தடுமாறினாள். இரண்டாவது முறை தானே செய்தாள். தாள் வெளியே வந்ததும் தனுஷிகா எட்டி எடுத்து அங்கேயே நின்று உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டாள். கடையின் இரைச்சலுக்குள் அந்தக் குரல் கணீரென்று கேட்டது.

உள்ளேயிருந்து வந்த ஜெஸீம் முதலாளி பழைய பிரிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவிச்ச சாமான். எடுத்த விலைக்கு எடுக்க ஏலா. ஆனா போட்டோ அடிக்கிற பொடியன் ஒருத்தன் இப்படி ஒண்டு கேட்டுக்கிட்டே ஈக்கிறான். அவனுக்குக் குடுத்து, வாரத இதுல கழிச்சிக்கிறேன். மிச்சத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தாங்க" என்றார்.

"அண்டைக்கே சொல்லீந்தா நான் இதத்தானே தந்திருப்பேன் அண்ணே" என்றாள் அஸ்னா, பில்லை எழுதிக்கொண்டே. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை தயாபரனின் மனதில் நின்றது.

தனுஷிகா வகுப்பில் முதலாவதாக வந்துவிடவில்லை. ஆனால் முன் வாங்கில் உட்கார்ந்து, தன்னுடைய பெரிய எழுத்துத் தாளை மறைக்காமல் மேசையில் விரித்து வைத்துக்கொண்டாள். முதல் நாள் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணே தாளைத் திருப்பி உதவத் தொடங்கினாள். சாயங்காலங்களில் சுபாஜினி சோறு வடித்துக்கொண்டிருக்க, மகள் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து அவளுக்கு வரலாற்றுப் பாடத்தைக் கதைபோல வாசித்துக் காட்டுவாள்.

ஒருநாள் மாடசாமிக் கங்காணி ஆட்டோவில் ஏறியபோது தயாபரன் தானாகவே அவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் "அடடா" என்றார். அவன் எதிர்பார்த்தபடியே மறுநாளுக்குள் தோட்டம் முழுவதும் சொல்லிவிட்டார். பிரிண்டர், பெரிய எழுத்து, கண் கிளினிக், பதுளைக் கடை என்று ஒன்றையும் விடவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில், தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ரெங்கம்மா என்ற பெண் ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்தாள். தயாபரனுக்கு அவளை முகப் பழக்கம் மட்டுந்தான். மற்ற ஆட்டோக்காரர்கள் தள்ளிப் போகும் வரை காத்திருந்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தம்பி, கங்காணி சொன்னாரு. என் மகனுக்கு... காது சரியாக் கேக்காது. பள்ளிக்கூடத்துல மண்டுன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. நாங்க வெளிய சொல்லல. அந்தக் கிளினிக்குக்கு எப்பிடிப் போறது? நீங்களும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

தயாபரன் ஆட்டோவின் பின் சீட்டைத் துடைத்துவிட்டான்.

"ஏறுங்கக்கா. இப்பவே மகனக் கூட்டிக்கிட்டு நேராப் போவோம். காதுக்கு எந்த எடம்னு அங்க விசாரிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், அங்க போய் இப்பிடி மெதுவாப் பேசாதீங்க. பிள்ளைக்கு என்ன கொறையோ அத வாயத் தொறந்து சொன்னாத்தான் டாக்டரும் டீச்சரும் கடைக்காரரும் அதுக்கு வேண்டியதச் செய்வாங்க. நாம வெக்கப்பட்டு மறைச்சம்னா, தன்னையப் பாத்துத் தானே வெக்கப்படப் பிள்ள நம்மகிட்டத்தான் கத்துக்கும். எம்மக கத்துக்கிட்டா. ஒங்க மகனுக்கு அது வேணாங்க்கா."